அத்தை குடும்பத்துக்கு எந்த டூர் பேக்கேஜ்? கோவில், காடு, மலை மூன்றும் வேண்டும்

கொழுந்துக்கூடை

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் கொட்டகலை. அப்பாவின் தங்கை 1973இல் தாத்தா பாட்டியோடு இந்தியாவுக்குப் போனவர். அப்போது அத்தைக்கு 14 வயது. அப்பா தாய்மாமன் வீட்டில் வளர்ந்ததால் இங்கேயே நின்றுவிட்டார். அத்தை இப்போது கூடலூரில் இருக்கிறார். 53 வருசத்துக்குப் பிறகு முதல் தடவையாக வரப்போகிறார். கூடவே மாமா, மச்சான், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். இங்கிருந்து அப்பா, நான், என் கணவர். மொத்தம் ஒன்பது பேர், எட்டு இரவு.

மச்சான் மூன்று பேக்கேஜ் அனுப்பி, "நீதான் ஊரில் இருக்கிறாய், நீயே முடிவு பண்ணு" என்றுவிட்டார். முதலாவது எட்டு நாளில் 23 இடம்: முன்னேஸ்வரம், தம்புள்ளை, சிகிரியா, திருகோணமலை, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, கதிர்காமம், காலி. விலை மூன்றிலும் குறைவு. இரண்டாவது இராமாயண யாத்திரை: இறம்பொடை ஆஞ்சநேயர், சீதாஎலிய, திவுரும்பொல, இராவணன் குகை, கதிர்காமம் எல்லாம் உண்டு. தமிழ் பேசும் கைடும் உண்டு, ஆனால் காடு மிருகம் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் மலையும் காடும் நன்றாக இருக்கிறது, கைடு ஆங்கிலம் மட்டும், கோவில் என்று கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகை ஒன்றுதான். விலையும் அதிகம்.

அத்தைக்குக் கோவில்கள் வேண்டும், பிள்ளைகளுக்கு யானையும் சிறுத்தையும் வேண்டும். மச்சானுக்கு மலைக்காட்சி. ஏப்ரல் 10இல் இருந்து என்று யோசிக்கிறோம். எதை எடுக்கலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதைச் சாரதி

தங்கச்சி, நான் அட்டன். 19 வருசமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். சாரதி வழிகாட்டி அட்டை இருக்கிறது. உங்கள் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது பேக்கேஜைத் தொடாதீர்கள். விலைக்காகச் சொல்லவில்லை. பேக்கேஜ் பார்க்கும்போது இடங்களை எண்ணக்கூடாது, மணித்தியாலத்தை எண்ண வேண்டும். கண்டியில் இருந்து நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர்தான். வெளியில் இருந்து வருகிறவர்கள் ஒன்றரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று நினைப்பார்கள். கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, இறம்பொடையில் வளைந்து வளைந்து ஏறும்போது மூன்று மணித்தியாலம் ஆகும். மரக்கறி லொறிக்குப் பின்னால் மாட்டினால் அதுவும் போதாது. வழியில் தேத்தண்ணி குடிக்க, பிள்ளைகளுக்கு வாந்தி வந்தால் நிறுத்த, அதெல்லாம் வேறு.

இந்த மாதிரிப் பேக்கேஜ்களில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன், உங்கள் தாளில் சரிபாருங்கள். காலையில் ஹோட்டன் சமவெளி, மதியம் எல்ல, பின்னேரம் யால சஃபாரி, இரவு கதிர்காமம் பூசை. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி சுற்றி வர 9 கிலோமீற்றருக்கு மேல் நடை. மூன்று, நான்கு மணித்தியாலம் வேண்டும். அங்கிருந்து எல்லவுக்கு இரண்டு மணித்தியாலம். எல்லவில் இருந்து யாலவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸ போக இன்னும் இரண்டரை. யால கேற் பின்னேரம் 6 மணிக்கு மூடிவிடும். அந்த நாளை ஒழுங்காக ஓட்டி முடிக்கிற சாரதி யாரும் இல்லை. ஒன்றில் ஏதாவது இடத்தை வெட்டுவார், இல்லாவிட்டால் இருட்டில் வேகமாக ஓடுவார்.

இருட்டில் ஓடுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருசம் செப்டம்பர் 4 இரவு எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டும் வெளிச்சம் இல்லாத நேரம். எல்லவில் இருந்து வெல்லவாய இறக்கம் முழுக்க சின்ன கியரில் இறங்க வேண்டிய பாதை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். எந்தப் பேக்கேஜ் எடுத்தாலும் "மாலை 6.30க்குப் பிறகு மலைப்பாதையில் வாகனம் ஓடாது" என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற ஆட்களிடம் போகவேண்டாம்.

வெள்ளவத்தை வாசி

பேக்கேஜே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு வேனும் சாரதியும் நாள் கணக்கில் எடுத்து, ஹோட்டலை நீங்களே புக் பண்ணினால் செலவு நிறையக் குறையும். நாங்கள் போன வருசம் அப்படித்தான் எல்ல போனோம். கைடு சொல்வதெல்லாம் போனில் இருக்கிறது.

பதுளைக்காரன்

வெள்ளவத்தை நண்பர் சொல்வது இளம் ஆட்களுக்குச் சரி. வயதானவர்கள் மூன்று பேர் இருக்கிற குடும்பத்துக்குச் சரிவராது. வாகனம் பழுதானால் இரண்டு மணித்தியாலத்தில் மாற்று வாகனம் அனுப்ப ஒரு ஆள் வேண்டும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த அத்தை இடம் பார்க்க மட்டும் வரவில்லை. யாராவது நின்று, தமிழில், பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சரி, மிருகத்துக்கு வருகிறேன். யாலவா, உடவளவையா என்று தெளிவாக முடிவு எடுங்கள். சிறுத்தைக்கு யால. ஆனால் சிறுத்தை தெரிகிறது என்று ஒரு ஜீப் சொன்னால் முப்பது ஜீப் வந்து சேரும். தூசி, ஹோர்ன், குலுக்கல். ஆறு மணித்தியாலம் போய்ச் சிறுத்தை பார்க்காமல் திரும்பியவர்கள் நிறையப் பேர். உடவளவையில் யானை வருசம் முழுக்கத் தெரியும், வெட்ட வெளிப் புல்தரை என்பதால் ஒளிய இடமில்லை. அங்கே யானைக் குட்டிகளைப் பராமரிக்கிற இடமும் இருக்கிறது. தாயை இழந்த குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டுக்கு விடுகிறார்கள். பால் கொடுக்கிற நேரத்தில் தள்ளி நின்று பார்க்கலாம், தொட விடமாட்டார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த விசயம். பிள்ளைகளுக்கு யானைமேல் ஏற்றிக் காட்டுகிற இடங்களை விட இது ஆயிரம் மடங்கு நல்லது.

மாமாவுக்கு முதுகுவலி, முழங்கால் வலி ஏதாவது இருந்தால் சஃபாரியை அரை நாளோடு நிறுத்துங்கள். விடியற்காலை ஜீப்தான் நல்லது.

பாதை பற்றி ஒன்று. வெல்லவாயவில் இருந்து கதிர்காமத்துக்குப் புத்தல வழியாகவும் போகலாம், தணமல்வில, லுணுகம்வெஹெர, திஸ்ஸ வழியாகவும் போகலாம். புத்தல வழி கிட்ட, ஆனால் அது யால காட்டை ஒட்டிய பாதை. யானை வந்து வீதியில் நின்று சாப்பாடு கேட்கும். பலர் பழமும் பாணும் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். யானைக்கும் கேடு, மனிசருக்கும் கேடு. பின்னேரத்தில் அந்தப் பக்கம் போகவேண்டாம், திஸ்ஸ வழியே போங்கள்.

கொழுந்துக்கூடை

சாரதி அண்ணே, தாளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே நாள் ஐந்தாம் நாளாக இருக்கிறது! முதலாவதை விட்டுவிட்டேன்.

பிள்ளைகள் சிறுத்தை சிறுத்தை என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உடவளவை என்றால் அழுவார்கள் போலிருக்கிறது.

நல்லதண்ணி

சிறுத்தை யாலவில் மட்டும் இல்லை அக்கா. எங்கள் மலைகளிலும் இருக்கிறது. நல்லதண்ணி, பொகவந்தலாவை, நோர்வூட் பக்கம் தேயிலை மலைக்கும் காட்டுக்கும் இடையில் நடமாடுகிறது. கொழுந்து எடுக்கிற அம்மாக்கள் கால் தடம் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். ஆனால் அதை டூரிஸ்ட்டுக்குக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது.

2020 மே மாதம் எங்கள் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் மாட்டியது. பன்றிக்கு வைத்த சுருக்கு. மிக அபூர்வமான மிருகம். மீட்டு எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை, இறந்துவிட்டது. ஊரில் எல்லோருக்கும் மனம் உடைந்துபோனது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள். இந்தத் தேயிலைக்குள் சிறுத்தை வாழ்கிறது, நாம் தூங்கும்போது லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் நடந்து போகும் என்று சொன்னால், யாலவில் ஜீப்புக்குள் இருந்து பார்ப்பதை விட அவர்கள் மனதில் நிற்கும்.

மரை (கடமான்) பார்க்க வேண்டுமானால் ஹோட்டன் சமவெளி. பட்டிப்பொல பக்கமாக உள்ளே போனால் ஃபார் இன் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே மரைகள் மேயும். அதுவரை வாகனம் போகும். அத்தையும் மாமாவும் நடக்க வேண்டியதில்லை. உலக முடிவுக்கு இளம் ஆட்கள் மட்டும் போகட்டும். ஏறக்குறைய 880 மீற்றர் செங்குத்துப் பள்ளம், ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் பனி மூடிவிடும், வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஆறு மணிக்கு கேற் திறக்கும்போது அங்கே நிற்க வேண்டும். நுவரெலியாவில் தங்கி விடிய 4.45க்குப் புறப்படுங்கள். பொலித்தீன், பிளாஸ்டிக் உறைகளை கேற்றில் சோதிப்பார்கள், சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கள். கம்பளிச் சட்டை கட்டாயம்.

மாத்தளை ஆசிரியை

யாருமே மாத்தளையைச் சொல்லவில்லை. மூன்று பேக்கேஜிலும் இல்லை. கண்டியில் இருந்து 25 கிலோமீற்றர் அளவுதான், காலையில் போய் மதியம் திரும்பிவிடலாம்.

முத்துமாரியம்மன் கோவில் இராஜகோபுரம் 108 அடி உயரம். மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும். அந்த அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் முன்னோர்கள் கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் கால்நடையாக வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் கொள்ளைநோயிலும் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் இங்கிருந்துதான் மலைகளுக்குப் பிரிந்து போனார்கள். 2023இல் மலையகத் தமிழரின் 200 வருசத்தை நினைத்து, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் மக்கள் நடந்து வந்தார்கள். நானும் கடைசி இரண்டு நாள் நடந்தேன். காலில் கொப்புளம் வந்தபோது, செருப்பில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களை நினைத்து அழுதுவிட்டேன்.

உங்கள் அத்தையின் பாட்டனோ முப்பாட்டனோ அந்த வழியாகத்தான் வந்திருப்பார். அவரைக் காலியில் கோட்டை பார்க்கக் கூட்டிப்போவதை விட மாத்தளை அம்மன் முன்னால் ஒரு மணித்தியாலம் இருக்க விடுங்கள். பக்கத்திலேயே அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகத்தை ஏட்டில் எழுதிய குகைக் கோவில். அதையும் பார்த்துவிடலாம்.

கண்டியில் தலதா மாளிகைக்கு மாலைப் பூசை நேரம் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, வெள்ளையாக இருந்தால் நல்லது. அப்புறம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில், நகருக்குள்ளேயே இருக்கிறது.

ஹப்புத்தளைப் பனி

நான் ஒரு கசப்பான அனுபவத்தை எழுதுகிறேன், அக்காவுக்கு உதவலாம்.

இரண்டு வருசத்துக்கு முன் டுபாயில் இருந்து அண்ணன் குடும்பம் வந்தபோது ஒரு நிறுவனத்தில் பாதிக் காசு அட்வான்ஸ் கட்டினோம். பேர் சொல்ல விரும்பவில்லை. நுவரெலியாவில் ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் என்று படம் காட்டினார்கள். போய் இறங்கியது ஊரில் இருந்து 14 கிலோமீற்றர் தள்ளி, ஒரு பள்ளத்துக்குள். கேட்டால், "அதே தரத்தில் வேறு ஹோட்டல் தரலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்றார்கள். உண்மைதான், சின்ன எழுத்தில் இருந்தது. நாங்கள் வாசிக்கவில்லை. வழியில் வாசனைத் திரவியத் தோட்டம், மாணிக்கக் கடை, பத்திக் கடை என்று மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணித்தியாலம். கடைசியில் ஹக்கல பூங்காவுக்கு நேரமில்லை என்று தாண்டிப் போய்விட்டோம். அம்மா அந்தப் பூங்காவைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டார். அம்மா இப்போது இல்லை.

ஹோட்டலின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மாற்றினால் உங்கள் சம்மதத்தோடு மட்டும். கடைகளில் நிறுத்த வேண்டாம் என்றும் எழுதச் சொல்லுங்கள். அதோடு ஹோட்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு, அந்தப் பெயரில் ரூம் புக் ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்து நிமிச வேலை.

மலைப்பாதைச் சாரதி

ஹப்புத்தளைத் தம்பி, வாசித்துவிட்டு மனது கஷ்டமாக இருக்கிறது.

கடையில் நிறுத்துவது பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கமிஷன் இருக்கிறது. பேக்கேஜ் விலையை அடிமட்டத்துக்குக் குறைக்கிற இடத்தில் சாரதியின் நாள் சம்பளத்தைத்தான் முதலில் குறைக்கிறார்கள். அந்த ஓட்டையைக் கடைக் கமிஷனில் அடைக்கச் சொல்கிறார்கள். நானும் அப்படி ஓடிய காலம் உண்டு, இப்போது அப்படி வேலை எடுப்பதில்லை. அதனால் பேக்கேஜ் கேட்கும்போது சாரதிக்கு என்ன படி, எங்கே தூங்குவார், சாப்பாடு யார் பொறுப்பு என்று கேளுங்கள். சில ஹோட்டல்களில் சாரதிமாருக்குக் கொடுக்கிற அறையில் மூட்டைப்பூச்சிக்குள் பத்துப் பேர் படுக்க வேண்டும். இரவு தூங்காத ஆள்தான் விடிய 4.45க்கு உங்களை ஹோட்டன் சமவெளிக்கு ஏற்றிக்கொண்டு போவார். அது உங்கள் உயிர்ப் பிரச்சினையும்தான்.

கைடு அட்டை கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை கொடுக்கிற அட்டை. அதில் எந்த வகை வழிகாட்டி என்று இருக்கும். தேசிய வழிகாட்டி என்றால் வேறு சாரதி வருவார், சாரதி வழிகாட்டி என்றால் ஓட்டுவதும் சொல்வதும் ஒரே ஆள். ஒன்பது பேருக்கு, அதுவும் மலைப்பாதையில், இரண்டு ஆள் இருந்தால் நல்லது. வளைவில் ஓட்டிக்கொண்டே திரும்பிக் கதை சொல்ல முடியாது.

இன்னொன்று, எல்லோரும் விடுகிற விசயம். உங்கள் குழுவில் மூன்று பேர் இலங்கையர், ஆறு பேர் இந்தியர். தேசிய பூங்கா, தலதா மாளிகை மாதிரி இடங்களில் இலங்கையருக்கு ஒரு கட்டணம் அல்லது இலவசம், சார்க் நாட்டவருக்கு வேறு கட்டணம், மற்ற வெளிநாட்டவருக்கு அதிகக் கட்டணம். சில பேக்கேஜ்களில் ஒன்பது பேருக்கும் அதிகக் கட்டணத்தைப் போட்டுவிடுவார்கள். நுழைவுச் சீட்டைப் பேக்கேஜில் சேர்க்காமல் தனியாகக் கட்டுவோம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆட்களிடம் அடையாள அட்டை, அவர்களிடம் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

ஏப்ரல் 10 வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக்கு முழு நாடும் நுவரெலியாவில் நிற்கும். ரூம் விலை ஏறும், வாகனம் அசையாது. மே மாதம் இரண்டாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். மாத இறுதிக்குள் முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு தென்மேல் மழை தொடங்கிவிடும்.

வெள்ளவத்தை வாசி

கட்டண விசயம் எனக்குத் தெரியாது. நன்றி. ஒன்பது பேருக்கு இப்படி எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் நான் சொன்னது போதாதுதான். கோச்சியை, அதாவது ரயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மலையகப் பயணம் என்றால் அதுதானே முதலில்.

பதுளைக்காரன்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் மலையக ரயில் பாதை பல இடத்தில் சேதமானது. எந்தப் பகுதி ஓடுகிறது என்று போகிற வாரத்தில் ஸ்டேஷனில் நேரே கேட்டுவிட்டு முடிவு எடுங்கள். ரயில் பயணம் என்று எழுதிக் காசு வாங்குகிற பேக்கேஜில், ஓடாவிட்டால் அந்தக் காசு திரும்ப வருமா என்று கேட்க வேண்டும். வீதிகளும் அப்படித்தான். மழை பெய்தால் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் வேன் எடுக்க வேண்டும், "புக் பண்ணியாச்சு" என்று போகக்கூடாது.

ரயில் ஓடினால் ஹப்புத்தளையில் இருந்து எல்ல வரைக்கும் போதும். முழுத் தூரமும் வயதானவர்களுக்குக் களைப்பு. ஒன்பது வளைவுப் பாலத்தை எல்லவில் இருந்து கூட்டத்தோடு போய்ப் பார்ப்பதற்குப் பதில், தெமோதரை வளையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாதை மலையைச் சுற்றி வந்து, தான் நிற்கிற ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் போகும். என் மகன் அதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் மண்ணில் ரயில் பாதை கட்டினான்.

கோத்தகிரி

நான் நீலகிரியில் இருந்து எழுதுகிறேன். இந்த இழையை ஆரம்பத்தில் இருந்து வாசித்தேன். கொழுந்துக்கூடை அக்கா, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அம்மா பூண்டுலோயாப் பக்கம் பிறந்தவர். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நாங்கள். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இங்கே அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். அதில் அம்மாவும் ஒருவர், அவ்வளவுதான். அட்டன் ஸ்டேஷனில் ஏறிய கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்பார் அம்மா. ஏறினவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். தலைமன்னாரில் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். திரும்பவும் அதே தேயிலை.

2019இல் அம்மாவுக்கு 71 வயதாக இருக்கும்போது கூட்டிக்கொண்டு போனேன். இங்குள்ள ஒரு ஏஜென்ட் மூலம் ஏழு நாள் டூர். "பிறந்த தோட்டத்துக்குப் போக வேண்டும்" என்று சொல்லித்தான் காசு கட்டினேன். அவர்களும் அட்டவணையில் சேர்த்தார்கள். 20 நிமிசம். "புகைப்படம் எடுக்க நிறுத்தம்" என்று எழுதியிருந்தார்கள்.

போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. லயத்தில் யாருமே இல்லை. எல்லோரும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். கதவெல்லாம் பூட்டு. அம்மா ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு போனார். எங்கள் வீடு எது என்று கண்டுபிடித்துவிட்டார், வாசற்படிக் கல்லை வைத்து. அதில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு தம்பி இருந்து மூன்று வயதில் இறந்திருக்கிறார், தேயிலைக்கு மேலே ஒரு மரத்தடியில் புதைத்தார்களாம். அங்கே போக வேண்டும் என்றார். கைடு கடிகாரத்தைக் காட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குக் கொடுத்த அட்டவணை அது. வேன் கிளம்பி, ஒரு நீர்வீழ்ச்சிக் காட்சி இடத்தில் ஒரு மணித்தியாலம் நின்றது. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அம்மா வேனை விட்டு இறங்கவில்லை.

2022இல் அம்மா இறந்துவிட்டார். அந்த ஒரு மணித்தியாலத்தை இங்கே கொடுத்திருக்கலாமே என்று இப்போதும் நினைக்கிறேன்.

உங்கள் அத்தை கோவில் கோவில் என்று சொல்கிறார் என்றால், முதலில் எந்தக் கோவில் என்று கேளுங்கள். தோட்டத்து மாரியம்மன் கோவிலாக இருக்கலாம். போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். தோட்ட ஆபீசில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒரு முழு நாள். வேனை அனுப்பிவிடுங்கள், வாசலில் நின்றால் அவசரமாகவே இருக்கும்.

நல்லதண்ணி

அண்ணே, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை. மரத்தின் அடையாளம் ஏதாவது அம்மா சொல்லியிருந்தால் தனியாக எழுதுங்கள். பூண்டுலோயாவில் எங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். போய்த் தேடி ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் படம் அனுப்புகிறேன்.

கோத்தகிரி

எழுதுகிறேன் தம்பி. மலைக்கு மேல் இரட்டைப் பாறைக்குப் பக்கத்தில் என்று சொல்வார்.

கொழுந்துக்கூடை

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும். கோத்தகிரி அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த நாள் காலையில் வந்து, "டூர் எனக்குத் தெரியாது, தோட்டத்துக்கு ஒரு நாள் வை" என்றார்.

மூன்று பேக்கேஜையும் விட்டுவிட்டேன். இரண்டாவது நிறுவனத்தோடு பேசினேன், ஏனென்றால் தமிழ் கைடு அவர்களிடம்தான் இருக்கிறார். நம் இஷ்டப்படி அட்டவணை போட்டுத் தரச் சம்மதித்தார்கள். விலை முதலாவதை விட அதிகம், மூன்றாவதை விடக் குறைவு. மே இரண்டாவது வாரம். திட்டத்தை எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

வியாழன் விடிய கட்டுநாயக்கவில் இறங்கி நேரே கண்டி. அன்று ஓய்வு, பின்னேரம் தலதா மாளிகை. வெள்ளி காலை மாத்தளை அம்மனும் அலுவிகாரையும், திரும்ப வந்து கட்டுக்கலைப் பிள்ளையார். சனி கண்டியில் இருந்து இறம்பொடை ஆஞ்சநேயர், நுவரெலியா வழியாகத் தலவாக்கலை இறங்கி, சென் கிளயர், டெவோன் நீர்வீழ்ச்சிகள் இரண்டையும் வீதியில் இருந்து பார்த்துவிட்டு எங்கள் வீடு. ஞாயிறு முழுக்கத் தோட்டம், வேன் இல்லை. திங்கள் நுவரெலியா, சீதாஎலிய, ஹக்கல. செவ்வாய் விடிய ஹோட்டன் சமவெளி, ஓஹிய பக்கமாக இறங்கி பண்டாரவளை. சமவெளிக்குப் பிறகு வேறு ஒரு இடமும் இல்லை அன்றைக்கு. புதன் எல்ல, வெல்லவாய, புதுருவகல, திஸ்ஸ வழியாகக் கதிர்காமம் பூசை. வியாழன் உடவளவை, யானைக் குட்டிகள், அங்கேயே தங்கி வெள்ளி விடிய அரை நாள் ஜீப், பிறகு அதிவேகப் பாதையில் கட்டுநாயக்க. இரவு விமானம்.

சிகிரியா இல்லை, திருகோணமலை இல்லை, யால இல்லை. மச்சான் கொஞ்சம் முணுமுணுத்தார். கருஞ்சிறுத்தைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பெரியவள், "ராத்திரி உங்கள் வீட்டுக்குப் பின்னாலும் வருமா?" என்று கேட்டாள். வரலாம் என்றேன். யாலவைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

மலைப்பாதைச் சாரதி

நல்ல திட்டம் தங்கச்சி. ஒரே திருத்தம். வெள்ளிக்கிழமை ஜீப்பை 9.30க்குள் முடித்து, சாப்பிட்டுவிட்டு 11 மணிக்காவது வாகனத்தில் ஏறுங்கள். விமான நாளில் இரண்டு மணித்தியாலம் கையிருப்பு வேண்டும். புதுருவகலவுக்கு மதியம் போகாதீர்கள், வெயில் கொடுமை. 51 அடி உயர புத்தர் சிலையும் மற்ற ஆறு சிலைகளும் ஒரே பாறையில் இருக்கும், காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எல்லவில் அதிக நேரம் செலவழிக்காமல் இறங்கினால் பத்து மணிக்கு அங்கே நிற்கலாம். ஒன்பது பேரும் பெட்டிகளும் என்றால் வேனின் கடைசி சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெட்டி மடியில்தான்.

மாத்தளை ஆசிரியை

வெள்ளிக்கிழமை அம்மன் கோவிலில் கூட்டம் இருக்கும், ஆனால் அதுதான் அழகு. எட்டு மணிக்கு முன் வாருங்கள். நான் வாசலில் நிற்கிறேன்.

கொழுந்துக்கூடை

நேற்று இரவு அத்தையிடம் போனில் திட்டத்தை முழுக்கச் சொன்னேன். கண்டி, கதிர்காமம் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். எந்தக் கோவில் அத்தை உங்களுக்கு முக்கியம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மேல் லயத்துக்குக் கீழே ஒரு பீலி இருக்கும். நானும் உங்கப்பாவும் வாளி கொண்டு போவோம். அது இன்னும் ஓடுதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை, மேல் லயத்துப் பக்கம் அவர் போய்ப் பல வருசம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்க்கிறோம்.

கொழுந்துக்கூடை

போய் வந்தோம். பழைய மூங்கில் பீலி இல்லை, கறுப்புக் குழாய் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதே இடத்தில்தான் விழுகிறது. கீழே துவைக்கிற கல்லும் அதே கல்தான் என்று அப்பா சொன்னார். குனிந்து கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் மே மாதம் அத்தை வருகிறார் என்று சொன்னோம். சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டார். ஒன்பது என்றோம்.